நெல்மெரட்டி
எக்கினோகுளோவா குருஸ்-கள்ளி. புல் குடும்பம்.

நெல்வயல், வாய்க்கால் ஓரம், சதுப்பு என ஈரம் நிற்கும் இடங்களில் தானாக முளைக்கும் ஓராண்டுப் புல். 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். பெயரின் ‘கள்ளி’ நம் ஊர்க் கள்ளிச்செடி அல்ல. சேவலைக் குறிக்கும் லத்தீன் சொல். இலங்கையில் இதைக் கோழிச்சூடன் என்பார்கள். இரு மொழியாருக்கும் கோழியே நினைவுக்கு வந்திருக்கிறது.

இளம் பருவத்தில் இதை நெல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். இலையும் இலையுறையும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நெல்லில் அங்கே வெண்ணிறச் சவ்வும் இரண்டு சிறு மடல்களும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. பல தலைமுறையாகக் கைக்களை எடுத்தபோது, நெல்லை மிகவும் ஒத்திருந்த செடிகளே தப்பி விதைவிட்டன. இதனால் சில வகைகள் நெல்லைப் போலவே நிமிர்ந்து வளர்கின்றன. நாற்றுமுடியோடு சேர்ந்து நடப்பட்டுவிடுவதும் உண்டு.

வெயில் மிகுந்த நாட்களில் நெல்லைவிட வேகமாக வளர்ந்து ஒளியையும் உரத்தையும் பறித்துக்கொள்ளும். மணிகள் அறுவடைக்கு முன்பே உதிர்ந்து மண்ணில் காத்திருக்கும். காற்றில்லாத சேற்றிலும் விதை முளைக்கும். ஆனால் நீர் ஆழமாக நின்றால் முளை மேலெழுவது குறையும். வயலில் நீர் கட்டுவதும், வளர்ந்த நாற்றை நடுவதும் நெல்லுக்கு முன்னிலை தரும். நேரடி விதைப்பில் பயிரும் களையும் ஒன்றாக முளைப்பதால் தொல்லை கூடும்.

ஜப்பானின் ‘ஹியே’ சிறுதானியம் இப்புல்லிலிருந்தே உருவானது. தமிழகத்தில் விளையும் குதிரைவாலி, இதன் நெருங்கிய உறவான வேறொரு காட்டுப்புல்லின் வழி வந்தது.