வெள்ளம் வடிந்து பல வாரம் கழித்து கண் சிவக்கிறதா? எலிக்காய்ச்சல் கண்ணையும் தாக்கும்... கடலூர், சிதம்பரம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

மழைக்காலத்தில் கண் சிவந்தாலே 'மெட்ராஸ் ஐ'தான் என்று முடிவு செய்து, மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வது பலரின் வழக்கம். ஆனால், எல்லா சிவப்பும் மெட்ராஸ் ஐ இல்லை. வெள்ள நீரில் நடந்தவருக்கோ, வயலில் இறங்கி வேலை செய்தவருக்கோ பல வாரம் கழித்துக் கண் சிவந்தால், அது யுவைடிஸாகவும் இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பார்வையே பாதிக்கப்படும்.

யுவைடிஸ் என்றால் என்ன?

கண்ணின் நடு அடுக்குக்கு யுவியா என்று பெயர். கண்ணில் கறுப்பாகத் தெரியும் ஐரிஸும் இதில் ஒரு பகுதி. இந்த அடுக்கில் ஏற்படும் அழற்சிதான் யுவைடிஸ். காசநோய், மூட்டுவாதம், உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்குவது என இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, எலிக்காய்ச்சல்.

எலிக்காய்ச்சலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா தண்ணீரிலும் சேற்றிலும் கலக்கிறது. கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக அது உடலுக்குள் போய்விடும். முதலில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி வரும். அப்போதே கண் சிவப்பதும் உண்டு.

காய்ச்சல் சரியானதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் சில வாரங்கள், ஏன், சில மாதங்கள் கழித்துக்கூட கண்ணுக்குள் அழற்சி தொடங்கலாம். அதற்குள் அந்தக் காய்ச்சலையே பலர் மறந்திருப்பார்கள். சிக்கலே இங்குதான்.

மதுரை சொல்லும் பாடம்

1993-ம் ஆண்டின் இறுதியில் மதுரை வட்டாரத்தில் பெருமழையும் வெள்ளமும் வந்தன. அதன்பின் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவைடிஸ் நோயாளிகள் அடுத்தடுத்து வரத் தொடங்கினர். டாக்டர் எஸ்.ஆர்.ரத்தினம் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தபோது, எலிக்காய்ச்சல்தான் காரணம் என்று தெரியவந்தது. 73 நோயாளிகள் பற்றிய அந்த ஆய்வு 1997-ல் வெளியானது. அடுத்த ஆண்டு வெளியான மற்றொரு ஆய்வில், நோயாளிகளின் கண்ணுக்குள் இருக்கும் திரவத்திலேயே லெப்டோஸ்பைராவின் டி.என்.ஏ. கண்டறியப்பட்டது.

கடலூருக்கு இது ஏன் முக்கியம்?

தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என ஆறுகள் கடலில் சேரும் மாவட்டம் இது. 2015-லும், 2024 டிசம்பரிலும் வெள்ளம் ஊருக்குள் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வரும். வெறுங்காலோடு சேற்றில் நிற்பது அங்கே அன்றாட வேலை. வயலில் எலிக்கும் பஞ்சமில்லை. மதுரையில் அன்று நோய் பரவ ஏதுவாக இருந்த வெள்ளமும் சேறும் இங்கேயும் உண்டு.

மெட்ராஸ் ஐயா, யுவைடிஸா?

• மெட்ராஸ் ஐ: உறுத்தல், நீர் வடிதல், பீளை, காலையில் இமை ஒட்டிக்கொள்வது. வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். பார்வை பெரும்பாலும் மங்காது.

• யுவைடிஸ்: வலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல், கண் முன் புள்ளிகள் மிதப்பது. பீளை இருக்காது. பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது.

இது ஒரு அடையாளம்தான். ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணைப் பரிசோதித்த பிறகே டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியும்.

சிகிச்சை என்ன?

அழற்சியைக் குறைக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்தும் தருவார்கள். தேவைப்பட்டால் மாத்திரை, ஊசி. எலிக்காய்ச்சலால் வந்த யுவைடிஸ், சரியான நேரத்தில் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே குணமாகும். தாமதித்தால் கண்புரை உள்ளிட்ட சிக்கல்கள் வரலாம்.

ஆனால், ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடும், புரை வரும். கிருமித் தொற்று இருந்தால் அது முற்றிவிடும். டாக்டர் தந்த மருந்தையும் சிவப்பு குறைந்ததும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அழற்சி திரும்ப வரலாம்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்

"மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சு, வெள்ளத்துல நடந்தேன், வயல்ல வேலை பாக்குறேன்." இந்த ஒரு வரி போதும். எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்ய அது பெரிய உதவி.

வராமல் தடுக்க, தேங்கிய நீரில் இறங்கும்போது முடிந்தவரை பூட்ஸ் போடுங்கள். காலில் காயம் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள். வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மழைக்குப் பிறகு காய்ச்சல் வந்தால், அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். கண் வலித்து பார்வையும் மங்கினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போவது நல்லது.