மருதம்பட்டையும் இதயத்தின் நுண்குழாய்களும்

கண்டியைச் சுற்றி வளைந்தோடும் மகாவலியின் கரைகளில் நீர் விளிம்பை ஒட்டி வளரும் மருதமரத்தின் பட்டையை, சிங்களவர் கும்புக் என்று அழைக்கும் அதே மரத்தின் பட்டையை, இதயத்துக்கு உரிய மருந்தாக ஆயுர்வேதம் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. அது எந்த இதயநோய்க்கு உதவுகிறது என்பதே இன்று ஆராயப்பட வேண்டியது. ஏனெனில் நெஞ்சுவலி எல்லாம் ஒரே நோயன்று.

இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய நாடிகளில் அடைப்பு இருந்தால், சாயம் செலுத்தி எடுக்கும் அஞ்சியோகிராம் படம் அதைக் காட்டிவிடும். அரை மில்லிமீற்றரிலும் குறைந்த விட்டமுடைய நுண்குழாய்களோ அதில் தெரிவதில்லை. அவை தேவைக்கேற்ப விரியத் தவறும்போது, படம் சீராக இருந்தும் வலி நீடிக்கிறது. பெண்களிடமே இது கூடுதலாகக் காணப்படுகிறது. அடைப்பில்லை என்று சொல்லி அனுப்பப்படும் பெண்ணின் வலி கற்பனையன்று என்பதை வைத்தியர்களும் குடும்பத்தினரும் உணர்வது மிக அவசியம்.

மருதம்பட்டை ஆய்வுகளில் முக்கியமானது இந்தூரில் நடந்து 2002இல் வெளியானது. உழைக்கும்போது நெஞ்சுவலி வரும் 58 பேருக்குப் பட்டைச் சாரம் எட்டு மணிக்கொருமுறை 500 மில்லிகிராம், வழக்கமான நைத்திரேற்று மாத்திரை, மருந்தேதுமின்றித் தோற்றத்தில் மட்டும் ஒத்த மருந்துப்போலி ஆகிய மூன்றும், எது எப்போது என்பது நோயாளியும் வைத்தியரும் அறியாதபடி, ஒவ்வொன்றும் ஒரு வாரமாக மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. மருந்துப்போலி வாரத்தைவிடப் பட்டை வாரத்தில் வலி குறைந்தது. ட்ரெட்மில்லில் நடக்கக்கூடிய நேரம் கூடியது. ஆனால் அந்த 58 பேரும் ஆண்கள்; நுண்குழாய் நோயால் அதிகம் துன்புறுவோர் அதில் இடம்பெறவே இல்லை. 2016இல் வெளியான இன்னோர் இந்திய ஆய்விலோ, இதயச் செயலிழப்புள்ளோரிடம் 12 வாரங்கள் சோதித்தும் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் உயரவில்லை.

மரபு மருந்தை இவ்வாறு சோதிப்பதைச் சீனா பேரளவில் செய்துகாட்டியது. அட்டை, தேள், ஜின்செங் வேர் முதலியன சேர்ந்த தோங்சின்லுவோ என்னும் மரபு மருந்து, மாரடைப்புற்ற 3,700க்கும் மேற்பட்டோரிடம் மருந்துப்போலியோடு ஒப்பிடப்பட்டது. இதயநோய் மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்தீங்குகள் முதல் 30 நாட்களில் மருந்துப்போலி பெற்றோரில் 5.2 சதவீதமாகவும் தோங்சின்லுவோ பெற்றோரில் 3.4 சதவீதமாகவும் இருந்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் மாரடைப்புக்கான விடையே. நாட்பட்ட நுண்குழாய் நோய்க்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

கண்டியில் நுண்குழாய் நோய்க்கு மருதம்பட்டையைச் சோதிப்பதானால் பெண்களைப் பெரும்பான்மையாகச் சேர்த்து, குழாய்களை விரிக்கும் அடினோசினைச் செலுத்திய பின் இரத்த ஓட்டம் எத்தனை மடங்கு உயர்கிறது என்பதைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். கசாயமாகக் கொடுத்தால் பட்டையின் துவர்ப்பை நாக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சாரத்தையும் மருந்துப்போலியையும் ஒரேமாதிரியான கப்சியூல் உறைகளில் அடைத்துக் கொடுப்பதே தகும்.