மாதிரிக்குத் தன் குளிர்காலமே பிடிபடாத கதை

ஐரோப்பாவின் குளிர்காலத்தைப் பெரும்பாலும் இரண்டு இடங்களின் காற்றழுத்தம் தீர்மானிக்கிறது. ஐஸ்லாந்துப் பக்கம் தாழ்வு, அசோர்ஸ் தீவுகள் பக்கம் உயர்வு. வித்தியாசம் கூடினால் மேலைக்காற்று பலமாக வீசி, கடலின் வெதுவெதுப்பையும் மழையையும் வட ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும். குறைஞ்சா கடுங்குளிர், 1962-63, 2009-10 எல்லாம் அப்படித்தான். இந்த ஏற்ற இறக்கத்துக்கு வட அட்லாண்டிக் அலைவு என்று பெயர் வைத்தவர் கில்பர்ட் வாக்கர். இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்து, நம்ம பருவமழையைக் கணிக்கப் போராடிய அதே வாக்கர்தான்!

காலநிலை மாதிரிகள் இதைக் காட்டும் படத்தைப் பார்த்தால் பெரிசா குறை சொல்ல முடியாது. தாழ்வும் உயர்வும் ஏறக்குறைய அதனதன் இடத்தில் இருக்கும். ஆண்டுக்காண்டு ஊசலாடும் அளவும் கிட்டத்தட்ட நிஜம் மாதிரியே. ரொம்ப நாள் நானும் இதோட திருப்தியாகிவிட்டேன்.

2014-இல் பிரிட்டிஷ் வானிலைத் துறையினர் வெளியிட்ட ஆய்வு அதைக் கலைத்தது. 1993 முதல் 2012 வரை 20 குளிர்காலங்கள். ஒவ்வொன்றையும் சிறு சிறு வித்தியாசங்களோடு 24 முறை ஓட்டினார்கள். சராசரி எடுத்தால் தற்செயல் ஆட்டம் அடங்கி, கடலும் மேல்வளிமண்டலமும் தரும் சமிக்ஞை மிஞ்சும். அந்தச் சராசரிக்கும் நிஜத்துக்கும் ஒட்டுறவு 0.62. மாதங்களுக்கு முன்பே சொன்ன கணிப்புக்கு இது பெரிய விஷயம்.

இப்போ நிஜத்துக்குப் பதிலா மாதிரியின் ஓர் ஓட்டத்தையே வைத்து, மற்ற ஓட்டங்களின் சராசரியோடு ஒப்பிடுவோம். ஒரே இயற்பியல், ஒரே கணினி. பொருத்தம் கூடத்தானே வேணும்? குறைகிறது. ஊர்ப்பிள்ளையைச் சரியா கணிக்குது, பெத்த பிள்ளையைக் கணிக்க முடியலை.

வீட்டுச் செலவில் மொத்தத் தொகை சரியாக வந்து, உள்ளே வாடகையும் மளிகையும் மாறிக் கிடக்கிற மாதிரிதான் இது. மொத்த ஊசலாட்டம் சரி; அதில் சமிக்ஞையின் பங்கு ரொம்பக் குறைவு, தற்செயலின் பங்கு அதிகம்.

1960-களிலிருந்து 90-களின் நடுப்பகுதி வரை இந்த அலைவின் குறியீடு ஏறிக்கொண்டே போனதையும், அவ்வளவு பெரிய ஏற்றம் மாதிரிகளில் அபூர்வம் என்பதையும் இதோட சேர்த்துத்தான் படிக்கிறேன். நிஜம் ஒரே ஒரு ஓட்டம் என்பதால் அதிர்ஷ்டக் கணக்கும் இருக்கலாம். ஆனா சமிக்ஞையே பலவீனம் என்றால், எதிர்காலக் காற்றோட்டம் அதிகம் மாறாது என்று சராசரி காட்டும்போது அது காற்றின் குணமா, மாதிரியின் குறையா? வெள்ளத் தடுப்புக்குத் திட்டம் போடுபவருக்கு இந்தக் கேள்வி முக்கியம்.

சமிக்ஞையைப் பெருக்கிச் சரிசெய்யும் முறை வந்துவிட்டது, கணிப்பும் மேம்படுகிறது. அது வலி மாத்திரைதான். நோய் எங்கே, புயல்களுக்கும் மேலைக்காற்றுக்கும் இடையிலான பின்னூட்டத்திலா, கடலும் காற்றும் சேருமிடத்திலா என்ற சண்டை இன்னும் ஓயலை.