பாட்டிலில் ஒரு புதினாப் பாத்தி

தில்லியில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தோட்டம் என்பது ஊர் நினைவோடு சரி. மண் மூட்டையை மேலே ஏற்றினால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டினால் சண்டை. ஆனால், நாலைந்து மணி நேரம் வெயில் விழும் ஜன்னல் ஒன்று இருந்தால், குப்பைக்குப் போகிற பாட்டிலிலேயே புதினா வளர்க்கலாம்.

மண்ணில்லாமல் சத்துநீரில் செடி வளர்ப்பதை 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்பார்கள். 1930-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக்கி இதைப் பிரபலப்படுத்தினார். 1940-களில் நம் நாட்டிலேயே காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் இதற்கு எளிய முறை ஒன்றை உருவாக்கினார். நாம் இங்கே பார்ப்பது, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி வகுத்த, மோட்டாரும் மின்சாரமும் வேண்டாத முறையை ஒட்டியது.

தேவையானவை

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், வெங்காயம் வரும் வலைப்பையில் ஒரு துண்டு, அலசிய தேங்காய் நார், பழைய செய்தித்தாள், கறுப்புத் துணி, ஒட்டும் டேப். விலைக்கு வாங்க வேண்டியது ஹைட்ரோபோனிக்ஸ் உரம் மட்டுமே.

செய்முறை

பாட்டிலின் மேல் பகுதியை, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, அதைப் புனல் போலக் கவிழ்த்து அடிப்பாகத்தில் பொருத்துங்கள். கழுத்தில் வலையை வைத்து நாரை நிரப்புங்கள். வெளிச்சம் பட்டால் நீரில் பாசி பிடிக்கும். எனவே அடிப்பாகத்தைச் செய்தித்தாளாலும் கறுப்புத் துணியாலும் சுற்றிவிடுங்கள்.

கடையில் வாங்கிய புதினாவில் நல்ல தண்டாகப் பார்த்து, கீழ் இலைகளைக் கிள்ளி, டம்ளர் தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். பிறகு நாரில் நட்டு, வேர் நனையும்படி சத்துநீர் ஊற்றுங்கள்.

உரம் 'ஏ', 'பி' என இரண்டு புட்டிகளாக வரும். முதலில் ஒன்றை நீரில் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். நீர் கலக்காமல் இரண்டையும் சேர்த்தால் கால்சியம் சுண்ணாம்பு போலப் படிந்து வீணாகும். இளஞ்செடிக்குப் பாதி அளவு போதும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு அதிகம், அது ஆகாது. சாணக் கரைசலும் வேண்டாம், பாட்டிலுக்குள் நாறிவிடும்.

இங்கேதான் தவறுகிறோம்

எங்கள் முதல் மூன்று பாட்டில்களும் அழுகிப் போயின. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, பழக்க தோஷத்தில் தினமும் காலையில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி வந்தார். "தண்ணியிலேயே நிக்கிற செடி எப்படிடா அழுகும்?" என்று அவருக்கு ஒரே வருத்தம்.

வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். அந்த இடைவெளியில் தொங்கும் வேர்கள் காற்றை வாங்கிக்கொள்ளும். அடிவேர்கள் நீரைக் குடிக்கும். மறுபடி நிறைய ஊற்றினால் காற்றுக்குப் பழகிய வேர் மூச்சுத் திணறிவிடும். பாதி பாட்டிலுக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கோடையில் சூடான நீரில் பிராணவாயு குறையும். எனவே பாட்டிலை நேர் வெயிலிலிருந்து தள்ளி வையுங்கள். புதிதாகத் தொடங்க அக்டோபர், நவம்பரே நல்லது. குளிர்காலத்தில் பாலக்கும் நன்றாக வரும். கறிவேப்பிலைக்கு மட்டும் இது சரிப்படாது. அது மரம், மண் கேட்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: டெங்கு கொசு வீட்டுக்குள் தேங்கும் நல்ல நீரிலும் முட்டையிடும். இரு பகுதிகளும் சேரும் இடத்தை டேப்பால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். நாரும் கழுத்தை நன்றாக அடைத்திருக்கட்டும். வாரம் ஒருமுறை பிரித்து, பாட்டிலைத் தேய்த்துக் கழுவுங்கள். உரப் புட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இப்போது எங்கள் ஜன்னலில் ஆறு பாட்டில்கள் இருக்கின்றன. நீர்மட்டம் பார்ப்பது அம்மாவின் பொறுப்பு. யாராவது சொம்போடு போனால், "ஊத்தாதே, அது மூச்சு விடட்டும்" என்கிறார். வாரம் ஒரு நாள் துவையலுக்குப் புதினா வாங்குவதில்லை.