ஆனர்ஸ் கருத்தரங்கு: சேரலாமா, வேண்டாமா?

பட்டப்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் மாணவியர் முதல் ஆண்டிலேயே சந்திக்கும் கேள்விகளுள் ஒன்று, ‘ஆனர்ஸ் கருத்தரங்கில் சேரலாமா?’ என்பது. ‘ஆனர்ஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் பெற்றோர் பூரித்துப் போகின்றனர். மகளோ கூடுதல் பாரத்தை எண்ணிக் கலங்குகிறாள். பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம். பாரத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். ஆழம் அறிந்து காலை விடுவதே அறிவுடைமை.

கருத்தரங்கு என்பது யாது?

கருத்தரங்கு என்றதும் நமக்கு மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வரும். இது அத்தகையது அன்று. ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் அமர்வர். குறித்த நூலை அனைவரும் முன்னதாகவே படித்து வர வேண்டும். ஆசிரியர் நெடிய விரிவுரை நிகழ்த்துவதில்லை, வினா எழுப்புவார். விடை காண்பதும், அதை மறுப்பதும், திருத்துவதும் மாணவரின் வேலை. பெரிய பல்கலைக்கழகங்களில் தொடக்கப் பாடங்களை நூற்றுக்கணக்கானோர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கேட்பதுண்டு. ஆதலால் இச்சிறு வகுப்பு ஒரு பேறாகக் கருதப்படுகிறது.

இம்முறைக்கு அங்கே வழிகாட்டியாக விளங்கியது பென்சில்வேனியா மாநிலத்து ஸ்வார்த்மோர் கல்லூரி. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவரான ஃபிராங்க் ஏடெலாட் அதன் தலைவராக இருந்தபோது, 1922-ஆம் ஆண்டு ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். அதன் தனிச்சிறப்பு யாதெனில், இறுதித் தேர்வை நடத்துவோர் பிற கல்வி நிலையங்களிலிருந்து வரும் அறிஞர்கள். எழுத்திலும் நேரிலும் அவர்களே சோதிப்பர். எனவே ஆசிரியரும் மாணவியும் ஒரே அணியில் நின்று உழைக்கின்றனர்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரெட் ஆனர்ஸ் கல்லூரியில் வேறொரு முறை. பள்ளி முடித்து நேரே சேருவோர் முதல் ஆண்டின் இரு பருவங்களிலும் ‘தி ஹியூமன் ஈவன்ட்’ என்னும் கருத்தரங்கில் பழம்பெரும் நூல்களைப் படித்து விவாதிக்கின்றனர். பட்டம் பெறுமுன் ஆய்வேடும் எழுத வேண்டும்.

பயனும் பாரமும்

பயன்களுள் முதன்மையானது, ஆசிரியர் உங்களை அறிவார் என்பது. மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும் நாளில், மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தவளைப் பற்றி ஆசிரியர் என்ன எழுத முடியும்? மேசையருகே வாதிட்டவளைப் பற்றி நிறைய எழுதலாம். தெளிவாக எழுதவும், மறுப்பைக் கேட்டு மனம் கோணாதிருக்கவும் பழக்கம் உண்டாகும்.

பாரமும் உண்டு. வாரந்தோறும் படிக்க வேண்டிய பக்கங்கள் மிகுதி. ஆய்வுக்கூட வேலை நிறைந்த அறிவியல் மாணவிக்கு நேரம் போதாமற் போகலாம். மதிப்பெண் சராசரி குறைந்தால் உதவித்தொகைக்கே ஊறு நேரலாம். சில இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு. பெயர் மட்டும் ஆனர்ஸாக இருந்து, வழக்கமான பாடத்தோடு ஒரு கட்டுரையைக் கூட்டிவிடும் வகுப்புகளும் இல்லாமல் இல்லை.

எப்படி முடிவு செய்வது?

முதலில் பாடத்திட்டத்தையும் நூற்பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்நூல்களுள் இரண்டு மூன்றையேனும் தேர்வு இல்லாவிடினும் படிக்க மனம் விழைகிறதா? இல்லையெனில் விட்டுவிடலாம். அடுத்து, வகுப்பில் எத்தனை பேர், நடத்துபவர் யார், முன்பு பயின்றோர் என்ன சொல்கின்றனர் என்று விசாரியுங்கள். மூன்றாவதாக, உங்கள் உதவித்தொகைக்குரிய மதிப்பெண் வரம்பைக் கணக்கிடுங்கள். பருவத் தொடக்கத்தின் சில நாள்களுக்குள் பாடத்தை மாற்றிக்கொள்ள அங்கே இடமுண்டு. ஆகவே முதல் வகுப்பில் அமர்ந்து பார்த்தபின் முடிவு செய்யலாம்.

இறுதியாக ஒன்று. பேசத் தெரியாது என்பதற்காக மட்டும் விலகிவிடாதீர்கள். அடக்கமான பெண் வகுப்பில் வாய் திறவாள் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அடக்கம் வேறு, ஊமையாயிருத்தல் வேறு. பிறர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, தன் கருத்தைப் பணிவுடன் எடுத்துரைப்பதே அடக்கம். பேசும் பழக்கம் மேசையில் அமர்ந்தபின்தான் வரும். நேரமில்லை, விருப்பமில்லை என்று மறுப்பது நியாயம். பயத்தினால் மறுப்பது இழப்பு.

அன்பு மாணவியரே, அந்தப் பழக்கத்துக்கு அமெரிக்கா செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைய வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குங்கள்.