கிண்ணத்துக்கு அடியில ஒரு சாமி

டெர்ம் பேப்பரெல்லாம் ஒருவழியா முடிஞ்சதால கடைய மறுபடி தொறந்திருக்கேன். இன்னிக்கு மேட்டர் குடி. உடனே ஜன்னலை மூடிடாதீங்க, இது ஆர்க்கியாலஜி குடி :)

நான் இருக்கற ரூஜ் பக்கத்துலேர்ந்து ராயல் ஒண்டாரியோ மியூசியம் போகணும்னா, ரூஜ் ஹில்லுல கோ ட்ரெயின் ஏறி யூனியன்ல சப்வே மாறணும். இறங்கற ஸ்டேஷன் தூண்களையே கிரேக்கத் தூண், எகிப்து ஒசைரிஸ்னு செஞ்சு வச்சிருக்காங்க. உள்ள கிரேக்கப் பகுதியில ஏதென்ஸ் பாண்டங்கள் வரிசையா நிக்குது. இந்தப் பாண்டங்கள்ல அதிகமா தலைகாட்டற சாமிகள்ல ஒருத்தர் டயோனிசஸ், ஒயின் கடவுள். அடையாளம் கண்டுபிடிக்கறது சுலபம். பழைய படங்கள்ல நீள தாடி, தலையில ஐவி இலை மாலை, கையில ஒரு கொம்போ, ரெண்டு உயரக் கைப்பிடி வச்ச கிண்ணமோ இருக்கும். சுத்தி குதிரை வாலோட சட்டைர்கள் ஆடிக்கிட்டு இருப்பாங்க. கவனிச்சுப் பாருங்க, பெரும்பாலும் ஆட்டம் போடறது அவங்கதான். அவர் பாட்டுக்கு அமைதியா நிப்பார்.

இந்த வகையில உச்சம்னா எக்ஸீகியஸ் செஞ்ச கிண்ணம்தான். கி.மு. 540-530 வாக்குல செஞ்சது, இப்ப ஜெர்மனியில மியூனிக்ல இருக்கு. அகலமான, ஆழம் கம்மியான கிண்ணம். வெளிப்பக்கம் ரெண்டு பெரிய கண்கள். குடிக்கறவன் தூக்கினா எதிர்ல இருக்கறவனுக்கு முகமூடி போட்ட மாதிரி தெரியும். உள்பக்கம் ஒரே ஒரு படகு. டயோனிசஸ் சாஞ்சு கிடக்கறார், பாய்மரத்துலேர்ந்து திராட்சைக் கொடி கிளம்பி மேல படருது. ஏழு குலை, சுத்தி ஏழு டால்பின். அவரைக் கடத்திட்டுப் போகப் பாத்த கடல் கொள்ளைக்காரங்கதான் டால்பினா மாறினதா கதை. அலையே வரையலை. வேண்டாம்ல, கிண்ணம் நிறைய ஒயின் ஊத்தினா அதுதான் கடல். குடிக்கக் குடிக்க கடல் வத்தி சாமி வெளிய வருவார். ஆள் கலைஞன்யா!

(சைடுல ஒண்ணு. இங்க ரூஜ் ஆத்தங்கரையில காட்டுத் திராட்சை மரம் மரமா ஏறிக் கிடக்கும். 19ஆம் நூற்றாண்டுல பூச்சி வந்து ஐரோப்பாத் திராட்சைத் தோட்டங்களை அழிச்சப்போ, இந்த இனம் உட்பட வட அமெரிக்கத் திராட்சைகளோட வேர்ல ஒட்டுப் போட்டுத்தான் காப்பாத்தினாங்க.)

அந்தக் கறுப்பு வெளியிலேர்ந்து வாங்கின பெயிண்ட் இல்லை. ரொம்ப நைஸா கரைச்ச களிமண்தான். சூளையில முதல்ல காத்து விட்டு, அப்புறம் அடைச்சு புகைய வச்சு, திரும்பவும் காத்து விடுவாங்க. நைஸ் மண் பூசின இடம் கறுப்பாவே நின்னுடும், மத்த இடம் சிவந்துடும். நம்ம கீழடி கறுப்பு-சிவப்பு பானையிலயும் காத்து பட்ட இடம் சிவப்பு, படாத இடம் கறுப்புதான்.

இங்கதான் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். யவனர், மது, ஜாடின்னு மூணு வார்த்தை சேர்ந்தாலே நம்மாளுங்க இந்தப் படம் போட்ட ஜாடியெல்லாம் அரிக்கமேட்டுக்குக் கப்பல்ல வந்துச்சுன்னு முடிச்சுடறோம். வரலைங்க. படப் பாண்டங்களோட பொற்காலம் கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டு. எக்ஸீகியஸ் கிண்ணமே கிடைச்சது இத்தாலியில வுல்சிங்கற ஊர்ல. பாண்டிச்சேரி பக்கத்துல 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ கிடைச்ச ரோமானியச் சரக்கு அதுக்கெல்லாம் நானூறு, ஐநூறு வருஷம் பிந்தினது. இத்தாலியிலேர்ந்து வந்த பளபள சிவப்புத் தட்டு, அப்புறம் ஆம்ஃபோரா ஜாடித் துண்டுகள். அந்த ஜாடியில சாமி படமெல்லாம் கிடையாது, வெறும் மண்ணு. சரக்கு ஏத்திட்டு வர்ற டின் மாதிரின்னு வச்சுக்குங்க. ஒயின் வந்துச்சு, ஒயின் சாமி கூட வரலை.

ஆனா வரவேண்டிய அவசியமும் இல்லை. ஏன்னா நம்மகிட்ட ஏற்கெனவே ஒருத்தர் இருந்தார்.

புறநானூறு 56ஆம் பாட்டை எடுத்துப் பாருங்க. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடினது. யவனர் கொண்டு வந்த மதுவைக் குடிச்சு நல்லா இருன்னு ராஜாவை வாழ்த்துற பாட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். மேற்கோள் காட்டறவங்க முன்பகுதியை விட்டுடறாங்க. அதுல ராஜாவை நாலு சாமிகளோட ஒப்பிடறார்: சிவன், பலராமன், திருமால், முருகன். வலிமைக்கு உவமை பலராமன். வெள்ளை மேனி, கலப்பை, கொடியில பனைமரம். பனைன்னா நமக்கு முதல்ல எது ஞாபகம் வரும்? அதேதான். குடிப் பிரியர்னு புராணங்களும் சொல்லுது. மதுராவுல குஷாணர் காலத்துச் சிலைகள்ல கையில கிண்ணத்தோடயே நிக்கறார். ஆக, யவன மதுவும் குடிக்கற சாமியும் ஒரே பாட்டுல!

டயோனிசஸ் தாடியை எடுத்துட்டு இளைஞனாகி, ரோம்ல பாக்கஸாகி, மியூசியம் மியூசியமா உக்காந்துட்டார். கி.பி. 5ஆம் நூற்றாண்டுல நோன்னஸ்னு ஒருத்தர் அவர் இந்தியா மேல படையெடுத்த கதையை 48 காண்டம் எழுதியிருக்கார். நம்மாளுக்குப் பூம்புகார்ல கோயில் இருந்ததா சிலப்பதிகாரம் சொல்லுது. சங்க காலத்துல சிவனுக்கும் முருகனுக்கும் சமமா நின்னவர், இன்னிக்கு தசாவதார வரிசையில ஓரமா ஒரு இடம். எனக்கு என்னமோ எக்ஸீகியஸ் கிண்ணத்தைவிட இதுதான் மண்டையைக் குடையுது. குடிய நாம விடலை (டாஸ்மாக் சாட்சி), குடிச்ச சாமியை மட்டும் எப்படி விட்டோம்?

ஊர்ல இருக்கற மக்கா, ஒரு உதவி. உங்க பக்கத்துப் பெருமாள் கோயில் தூண்ல கலப்பையோட ஒருத்தர் நின்னா, இன்னொரு கையில என்ன இருக்குன்னு பாத்து பின்னூட்டத்துல போடுங்க. போட்டோ இருந்தா இன்னும் நல்லது.