பாலைவனப் பல்லியில் பணம் போடலாமா?

வளைகுடாவில் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் விடுமுறையில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அங்கே சந்தையில் ழப் விற்கிறார்கள். நாலைந்து கொண்டுவந்தால் பம்பலப்பிட்டியில் நல்ல விலை போகும். முதலில் பாதியை நீங்கள் போடுங்கள்" என்கிறார். என்ன செய்வீர்கள்?

முதலில் சரக்கை அறிந்துகொள்வோம். ஹதீஸ் மொழிபெயர்ப்புகளில் 'உடும்பு' என்று வரும் பிராணி இதுதான். ஆனால் நம் நாட்டு உடும்பு மாமிசம் தின்னும். ழப் இலை, பூ, விதை தின்னும் முள்வால் பல்லி. இந்தியாவில் தார் பாலைவனத்திலும் கட்ச் பகுதியிலும் இதன் இனத்தவை உண்டு. 'சாண்டா எண்ணெய்' என்ற பெயரில் கொழுப்புக்காக அவற்றைக் கொல்கிறார்கள். அந்த எண்ணெய்க்குச் சொல்லப்படும் ஆண்மைச் சக்தி நிரூபிக்கப்பட்டதல்ல.

தீனிச் செலவு சொற்பம். கீரையும் செவ்வரத்தம்பூவும் போதும். தண்ணீரும் அதிகம் தேவையில்லை. உடலில் மிஞ்சும் உப்பை மூக்கு வழியாக வெள்ளைப் பொடியாகத் தள்ளிவிடும். செலவு வெப்பத்தில்தான் இருக்கிறது. குளிர்காயும் இடம் ஏறக்குறைய 50 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 100 வாட் விளக்கு ஒன்று நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 36 யூனிட். இதைவிட புற ஊதாக் கதிர் விளக்கும் வேண்டும்; அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடுவதால் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். கொழும்பின் கடற்காற்றில் உள்ள ஈரப்பதனோ இதற்குப் பெரும் பகை. 15 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பிராணி, ஒரு வருடத்தில் செத்தால் வாங்கியவர் உங்கள் கடைக்குத்தான் வருவார்.

இனிச் சட்டம். இந்த இனங்கள் 'சைட்டீஸ்' சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் நகர்த்த முடியாது. இலங்கை 1979இல் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. இங்கே 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1992ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டமும் உண்டு. பயணப்பெட்டியில் ஒளித்து வருவது வியாபாரமல்ல, கடத்தல். கட்டுநாயக்கவில் பிடிபட்டால் முதலும் போகும், பெயரும் போகும்.

இங்கிருந்து வெளியே அனுப்பும் யோசனையும் வேண்டாம். நமது மலைநாட்டுக் கொம்புப் பல்லிகள் கள்ளமாக ஐரோப்பாவுக்குப் போனதால்தான், 2019இல் ஜெனீவா மாநாட்டில் அவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்க்க இலங்கை கேட்டுப் பெற்றது.

பிராணி வியாபாரத்தில் ஆசையுள்ளவர்களுக்கு அலங்கார மீன் இருக்கிறது. இலங்கையிலிருந்து முறைப்படி ஏற்றுமதியாகும் சரக்கு அது. வீட்டுத் தொட்டியிலேயே சிறு முதலுடன் தொடங்கலாம், துணிந்து பில்லும் போடலாம்.

பில் போட முடியாத சரக்கில் எவ்வளவு இலாபம் காட்டினாலும் கை வைக்காதீர்கள். நண்பருக்கு ஒரு தேநீர் கொடுத்து, அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.